நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில்

2025 ஜூனில் கேரளத்தில் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பள்ளி நேரத்தை அரை மணி கூட்டினார்கள். காலையில் கால் மணி, மாலையில் கால் மணி; வெள்ளிக்கிழமைக்கு மட்டும் விலக்கு. காலை நேர மதரஸா வகுப்புகள் பாதிக்கப்படும் என்று சமஸ்தா என்ற முஸ்லிம் மார்க்க அறிஞர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் வாழும் எங்களுக்கு இது வெளிமாநிலச் செய்தி கிடையாது. சேரம்பாடியைத் தாண்டினால் வயநாடு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லைனில் பல குடும்பங்களுக்குச் சுல்தான் பத்தேரியில் சொந்தம் உண்டு. ஆஸ்பத்திரிக்கும் துணிமணிக்கும் அங்கேதான் போகிறோம். அதனால் டீக்கடையில் பேச்சு உடனே கிளம்பிவிட்டது. அங்கே கூட்டிட்டாங்க, நம்ம பசங்களுக்கும் கூட்டினா என்ன?

எங்கள் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் இது வந்தது. என் சின்ன மகள் அங்கே படிக்கிறாள், நான் பெற்றோர் உறுப்பினர். ஒரு அப்பா எழுந்து, "அஞ்சாவது முடிக்கப் போறான், பேப்பர்ல தலைப்பைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இன்னும் ஒரு மணி நேரம் உக்கார வெச்சுச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "வெச்சுக்கங்க, வேணாங்கல. அப்புறம் ஆறு மணிக்கு வளைவுல யானை நின்னா யாரு வந்து எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போறது?" தலைமை ஆசிரியையால் இருவருக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

இருவர் கேட்டதும் நியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். பாட வேளையை நீட்டுவதால் அந்த அப்பாவின் கவலை தீராது, அந்த அம்மாவின் கவலை கூடும். ஆனால் பாடம் முடிந்த பிறகும் பள்ளிக் கதவு திறந்திருக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மணிக்கணக்கு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் வருகிறது, பெரியவர்களுக்கு நாலரை. நம் பள்ளிகள் காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை நாலு மணி வரை நடக்கின்றன. பிரேயர், சாப்பாடு, இடைவேளை எல்லாம் கழித்தாலும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் மிஞ்சும். மழைக்கு விட்ட நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுகிறார்கள். ஆக, காகிதத்தில் நேரத்துக்குப் பஞ்சம் இல்லை.

பஞ்சம் வேறு இடத்தில் இருக்கிறது. அதே அட்டவணையில், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் சேர்வது அபூர்வம். தோட்டத்தில் நிரந்தர வேலைக்காரர்கள் குறைந்து வருகிறார்கள், கொஞ்சம் வசதி வந்தவர்கள் பிள்ளைகளை வேன் வரும் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். மிஞ்சுவது ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்.

கூட்டத்தில் கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டேன். ஒரு ஆசிரியருக்கு ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு பேருக்குப் பத்து. ஐந்து வகுப்புக்குப் பங்கிட்டால் ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம். மீதி மூன்று மணி நேரம் அந்தப் பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டோ, பக்கத்து வகுப்புப் பாடத்தைக் கேட்டுக்கொண்டோ உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்று வரை ஒன்றாகச் சேர்த்து, பிள்ளையின் நிலையைப் பார்த்துச் சொல்லிக் கொடுக்கும் முறை வந்தது, அதனால் நிலைமை கொஞ்சம் தேவலை. இருந்தாலும் இரண்டு ஆசிரியரில் ஒருவர் தலைமை ஆசிரியர். எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளப் பதிவு, காலை உணவுக் கணக்கு, மதிய உணவுக் கணக்கு, அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்.

சரி, பள்ளியை ஒரு மணி நேரம் நீட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆசிரியர்களின் இரண்டு மணி நேரம் ஐந்தாகப் பிரியும். ஒரு வகுப்புக்கு 24 நிமிடம் கூடும். அதுவும் பிள்ளை களைத்துக் கிடக்கும் கடைசி வேளையில். மணியைத் தொடாமல் மூன்றாவது ஆசிரியர் ஒருவரைப் போட்டால்? பதினைந்து மணி நேரத்தை ஐந்தால் வகுக்கலாம். வகுப்புக்கு மூன்று மணி நேரம். தினமும் முழுசாக ஒரு மணி நேரம் கூடுதல், ஒரு பிள்ளைகூட இருட்டில் வீட்டுக்கு நடக்க வேண்டியதில்லை. அந்த அப்பா கரும்பலகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "இத எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மாலை நேரத்தில் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்பது எனக்குப் பழக்கமான விஷயம். 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கி வைத்தார்கள். திட்டம் எங்கள் ஊருக்கு வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. லைன் கோடியில் இருக்கும் கூடத்தில், ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை வகுப்பு. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் எழுத்தே மறந்துபோன பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

முழு நாள் பள்ளியில் இருந்துவிட்டு வரும் ஏழு வயதுக் குழந்தையிடம் ஐந்து மணிக்குப் பாடப் புத்தகத்தை நீட்டினால் என்ன ஆகும்? கண் சொருகும், இல்லையென்றால் பக்கத்துப் பையனைக் கிள்ளும். பசி ஒரு காரணம். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது, நடந்த நடையிலேயே கரைந்து போயிருக்கும். கையில் கொஞ்சம் சுண்டலோ வேகவைத்த கடலையோ கொடுத்தால் முகமே மாறும். பிறகு கதை படித்துக் காட்டினால் கேட்பார்கள். பல்லாங்குழி ஆடினால் கூட்டலும் கழித்தலும் தானாக வரும். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் படித்துக் காட்டும்போது இரண்டுக்கும் வாசிப்பு வந்தது. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பள்ளியில் வாயே திறக்காத, பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகள் மாலையில் தங்கள் மொழியில் மரங்களுக்கும் பறவைகளுக்கும் பெயர் சொல்லி எங்கள் பிள்ளைகளைத் திருத்தினார்கள். அந்தக் கூடத்தில் அவர்கள் யாருக்கும் பின்னால் உட்காரவில்லை. பாட வேளை என்று மணி அடித்திருந்தால் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமப்புறப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது என்றும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். இதை வைத்து, மாலையில் கூடுதல் நேரம் வைத்தால் பலன் உண்டு என்று யாராவது சொல்லலாம். உண்மைதான், பலன் உண்டு. ஆனால் எங்கள் கூடத்தில் அது எதனால் பலித்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அம்மா வேலை முடிந்து வரும் வழியில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். நடத்திய ஆள் வேறு, காலையிலிருந்து ஐந்து வகுப்பைக் கட்டி மேய்த்துக் களைத்த ஆசிரியர் இல்லை. பரீட்சையும் கிடையாது.

இப்போது, நாலு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் எங்கள் லைன்களில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எனக்கு இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியதே இதனால்தான்.

கொழுந்து எடுக்கும் பெண்கள் காலையில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும் முன்பே மலைக்குப் போய்விடுவார்கள். மாலையில் கடைசி எடை போட்டு, பையை உதறி, விறகோ தண்ணியோ பார்த்துக்கொண்டு வீடு வர ஐந்தரை ஆகிவிடும். கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் இன்னும் தாமதம். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் கிரெச், அதாவது பிள்ளைக் காப்பகம், இருக்க வேண்டும் என்றது. அது கைக்குழந்தைக்கும் அங்கன்வாடி வயதுப் பிள்ளைக்கும் ஆனது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்ய வேண்டும் என்று நிர்வாகத்தைக் கேட்கவும் அதே சட்டம் இடம் வைத்திருந்தது. யோசித்து எழுதிய சட்டம்தான். ஆனால் ஆறு வயதில் கிரெச்சை விட்டு வெளியே வரும் பிள்ளை நாலு மணிக்குப் பள்ளி விட்ட பிறகு எங்கே போகும் என்பதை எந்த ஏற்பாடும் பார்த்துக்கொள்வதில்லை.

பிள்ளை பூட்டிய வீட்டுக்குத்தான் போகிறது. சாவி கழுத்துக் கயிற்றில் இருக்கும், அல்லது ஜன்னல் மேல் இருக்கும். மூன்றாவது, நாலாவது படிக்கும் அக்காதான் தம்பிக்கு அடுப்புப் பற்ற வைத்துக் கட்டன் சாயா போட்டுக் கொடுப்பாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது, குடம் பிடித்து வைப்பாள். தம்பி தோட்டத்துப் பக்கம் ஓடினால் பின்னாலேயே ஓடுவாள். அந்த ஒன்றரை மணி நேரம் அவள் பிள்ளையாக இருப்பதில்லை. வீட்டுப்பாடத்தை முடிக்காமல் வருகிறாள் என்று மறுநாள் புகார் வருவதும் அவள் மேல்தான்.

காடு பக்கத்தில் இருக்கிறது என்பதை வெளியூர்க்காரர்கள் அழகாகப் பார்ப்பார்கள். எங்களுக்கு அது தினசரி நேரக் கணக்கு. பொழுது சாயும்போது யானை ரோட்டுக்கு வரும், காலையில் பனி விலகும்வரை சில நாள் நகராது. 2024 ஜனவரியில் பந்தலூர் பக்கத்தில் தேயிலைத் தோட்டத்தில், ஜார்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் மூன்று வயதுக் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து அம்மாக்கள் மலையில் நின்றுகொண்டு நாலு மணி ஆனதும் எப்படித் துடிக்கிறார்கள் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டு. ஜூன், ஜூலையில் பொழுது நீளம், ஆனால் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நாலு மணிக்கே வகுப்பில் லைட் போட வேண்டும். கரண்ட் இருந்தால்.

ஆகவே நாலு மணிக்கு விட்டால் பிள்ளை தனியாக வீட்டில். ஐந்தரைக்கு விட்டால் இருட்டும் நேரத்தில் ரோட்டில். இரண்டும் ஆபத்து. இதற்கு நடுவில் ஒரே வழிதான் தெரிகிறது. பிள்ளை பெரியவர் ஒருவர் பார்வையில் பள்ளியிலேயே இருக்க வேண்டும், அங்கிருந்து வண்டியில் லைன் வரை போக வேண்டும். தூரத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்து உதவி இருக்கிறது. உச்சவரம்பு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். 200 நாளுக்குப் பிரித்தால் போகவும் வரவும் சேர்த்து நாளுக்கு 30 ரூபாய். மலை ரோட்டில் ஜீப் ஓட்டுபவர் இந்தக் காசுக்கு நாலு மணிக்கு ஒரு நடை, ஐந்தரைக்கு இன்னொரு நடை வரமாட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பள்ளி நேரத்தைப் பற்றி எங்கோ உட்கார்ந்து முடிவெடுப்பவர்கள் ஜீப் நடையை யோசிப்பதில்லை. எங்களுக்கு முதல் கேள்வியே அதுதான்.

பெரிய பிள்ளைகளுக்கு நேரம் ஏற்கனவே நீண்டுதான் இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவதுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று மாலை ஐந்தரை வரை வைப்பது இங்கே பல காலமாக நடப்பது. அக்கறையோடு வைக்கிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்களும் வீட்டில் சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வருபவர்கள்தான். ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் பஸ் போயிருக்கும். அடுத்த பஸ் வந்து, இறங்கி, லைனுக்கு ஏறி நடக்க ஏழு மணி. ஆண் பிள்ளைகள் சேர்ந்து டார்ச் அடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பெண் பிள்ளை வீட்டில், "அவ்வளவு நேரம் வேணாம், வந்துடு" என்பார்கள். யாருக்கு அந்தக் கூடுதல் வகுப்பு அதிகம் தேவையோ, அவள்தான் பாதியில் எழுந்து பஸ்ஸுக்கு ஓடுகிறாள். நேரத்தைக் கூட்டும்போது எல்லோருக்கும் ஒரே அளவு கூடுவதில்லை.

அப்படியானால் பள்ளி நேரத்தைக் குறைத்துவிடலாமே, மலைப் பள்ளிக்கு அரை நாள் போதுமே என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தமிழ்நாடு இதை ஒரு முறை பார்த்துவிட்டது. 1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம் என்று குறைத்து, இரண்டு வேளையாகப் பிரித்தார்கள். அதே ஆசிரியரை, அதே கட்டடத்தை வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று காரணம் சொன்னார்கள். மீதி நேரம் பிள்ளை வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழகும். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வாங்கி, பெரும் எதிர்ப்பைச் சந்தித்து, 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. என் அம்மா ஐந்தாவதோடு நின்றார். அரை நாள் பள்ளி என்றால் மீதி அரை நாள் கையில் கூடை என்று அவருக்குத் தெரியும். என்னைப் பி.ஏ. வரை படிக்க வைத்ததற்கு அவர் சொன்ன ஒரே காரணம் அதுதான்.

நேரத்தை நீட்டிய ஊர்கள் என்ன செய்தன என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் தொடக்கப் பள்ளி நாள் 5 மணி 45 நிமிடமாக இருந்தது. 2012-இல் அதை ஏழு மணி நேரமாக்கினார்கள். சம்பளம், வேலைச் சூழல் எல்லாம் சேர்ந்து அந்தச் செப்டம்பரில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்கு முன்பே ஒரு உடன்பாடு வந்திருந்தது. இருக்கிற ஆசிரியர்களின் வேலை நேரத்தைப் பெரிதாகக் கூட்டாமல், இசை, ஓவியம், உடற்பயிற்சி போன்றவற்றுக்கு ஏறக்குறைய 500 பேரைப் புதிதாகச் சேர்ப்பது என்று. ஜெர்மனியில் பள்ளிகள் பாரம்பரியமாக மதியத்தோடு விட்டுவிடும். 2000-ஆம் ஆண்டில் பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில் பின்தங்கிய பிறகு, 2003-இல் முழுநாள் பள்ளிகளுக்காக மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது; சமையலறையும் சாப்பாட்டுக் கூடமும் வேண்டியிருந்தது. எங்கே நேரம் நீண்டதோ அங்கே ஆளும் சோறும் கட்டடமும் சேர்ந்து வந்தன. வெறும் மணியை மட்டும் தள்ளி அடித்துவிட்டுப் பலன் கேட்கக் கூடாது.

இவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேயே லவ்டேலில் 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி இருக்கிறது. விடுதிப் பள்ளி. பாடம் முடிந்த பிறகு விளையாட்டு, இசை, நூலகம், பிறகு மேற்பார்வையில் படிப்பு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலு மணிக்குப் பிறகான நேரம் எவ்வளவு முக்கியம் என்று இந்த மலைக்குப் பல காலமாகத் தெரியும். அதில் சின்ன அளவு ஒன்றைத்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கேட்கிறோம். ஒரு பந்து, ஒரு அலமாரிக் கதைப் புத்தகம், சுண்டல், பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

போன கூட்டத்தில் தீர்மானமாக எழுதினோம். மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்பது முதலில். பள்ளி வழக்கம்போல நாலு மணிக்கு முடியும். விரும்பும் பிள்ளைகள் ஐந்தே முக்கால் வரை இருக்கலாம், பாடம் கிடையாது, ஆசிரியர்கள் தங்க வேண்டியதில்லை என்பது அடுத்தது. பார்த்துக்கொள்ள லைனிலேயே படித்த பெண்கள் இருக்கிறார்கள். இல்லம் தேடிக் கல்வியில் என்னோடு இருந்தவர்கள் இரண்டு பேர் இப்போதே வரத் தயார், ஆனால் இந்த முறை ஒழுங்கான சம்பளம் கேட்கிறார்கள், அது சரியும்கூட. காலை உணவு சமைக்கும் சுயஉதவிக் குழு அக்காக்கள் சுண்டலுக்கு ஒத்துக்கொண்டார்கள், கடலைக்கு மட்டும் காசு வேண்டும்.

ஜீப் இன்னும் முடியவில்லை. டிரைவர் அண்ணன் ஐந்தே முக்காலுக்கு ஒரே நடை என்றால் வருகிறேன் என்கிறார், இரண்டு நடை முடியாது. அப்படியானால் நாலு மணிக்கே வீட்டில் ஆள் இருக்கும் பிள்ளைகளும் காத்திருக்க வேண்டும். அதற்குச் சில பெற்றோர் சம்மதிக்கவில்லை. தோட்டத்து லோடு வண்டி மாலையில் கொழுந்து இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும், அதில் ஒரு பெரியவரோடு பிள்ளைகளை ஏற்றலாமா என்று ஒருவர் கேட்டார். திறந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குள் இரண்டு லைன் பிள்ளைகளுக்குப் பொதுவாக இரண்டாவது ஜீப் ஒன்றைப் பேசிப் பார்க்கிறோம், பக்கத்துப் பள்ளிக் குழுவும் செலவில் பாதியைப் போட்டால் கட்டுப்படியாகும் என்று கணக்குச் சொல்கிறது. அவர்கள் தலைவியைச் சனிக்கிழமை பார்க்கப் போகிறேன்.